சின்னக் கலைவாணர் விவேக்: சிரிப்பும் செயலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

இம்மேடையிலே நாவலர் பெருமானைப் பற்றியும் விபுலானந்த அடிகளைப் பற்றியும் எம்மினும் கற்றோர் பலர் பேசியிருக்கின்றனர். பேசும் பொருளைத் தெரிந்துகொள்ளும் உரிமை இவ்வாண்டு எமக்கு விடப்பட்டபோது நாம் தெரிந்துகொண்டது ஒரு சினிமா நகைச்சுவை நடிகரின் வாழ்க்கை. செய்தி கேட்ட பெரியவர் சிலர், "கோயில் முன்றிலில் நின்று கூத்தாடியைப் பற்றிப் பேசுவதா?" என்று கேட்டனர். இளைஞர் சிலரோ, "சிரிப்பு நடிகரைப் பற்றி அரைமணி நேரம் பேச என்ன இருக்கிறது? படத்தைப் போட்டுக் காட்டினால் போதாதா?" என்றனர். இரு பாலார்க்கும் ஒரே விடையாக இவ்வுரை அமைய வேண்டும் என்பதே எமது ஆசை.

முதலில் அந்த நடிகரின் பெயரைக் கேளுங்கள். திரையிலே விவேக் என்று அறியப்பட்ட அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் விவேகானந்தன். இப்பெயர் நமது சங்கத்துக்கு அந்நியமான பெயர் அன்று. மேனாடு சென்று திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் திகதி முதன்முதல் கால் வைத்தது கொழும்பு மண்ணிலேதான். அங்கிருந்து கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம் என்று நமது நாட்டின் ஊடாகவே அவர் பாம்பனை அடைந்தார். அப்பிரயாணத்திலே அவர் சொன்ன செய்திகளுள் ஒன்று, சமயத்தை அடுக்களைக்குள் அடைத்துவிட்டு, யார் தொட்டது, யார் தொடாதது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் உருப்பட மாட்டோம் என்பது. துறவி கடிந்து சொன்ன அதே செய்தியை, அவர் பெயர் தாங்கிய நடிகர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். இவ்வளவுதான் வேறுபாடு.

விவேக் 1961 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் திகதி, தென் தமிழ்நாட்டில், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வர்த்தகம் பயின்று முதுமாணிப் பட்டம் பெற்றார். இக்கல்லூரிக்கும் நமது நாட்டுக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். வட்டுக்கோட்டையிலே 1823 இல் செமினரி கண்ட அமெரிக்க மிஷனாரிமாரின் கிளையே 1834 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து மதுரைக்குச் சென்றது. அந்த மதுரை மிஷன் 1881 இல் தொடங்கியதே அமெரிக்கன் கல்லூரி. மிஷன் பாடசாலையில் படித்துக்கொண்டே மாலையில் தேவாரம் பாடிய நமக்கு இதிலே வியப்பில்லை. கல்வி எங்கிருந்து வந்தாலும் அதைக் கொண்டு நம் வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்பதற்கு இந்த நடிகரும் ஓர் உதாரணம்.

படிப்பு முடிந்தது. அரசாங்கப் போட்டிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து சென்னைத் தலைமைச் செயலகத்திலே உத்தியோகம் பெற்றார். நம் ஊர்த் தாய் தந்தையர் இதற்கு மேல் ஒரு பிள்ளையிடம் எதை எதிர்பார்ப்பர்? மாதம் தவறாத சம்பளம், முதுமையிலே ஓய்வூதியம். ஆயினும் அவருக்கு மாலை நேரங்களில் வேறொரு வேலை இருந்தது. சென்னையிலே மெட்ராஸ் ஹியூமர் கிளப் என்று நகைச்சுவைக்கென ஒரு சங்கம் இருந்தது. அங்கே தனியொருவராக நின்று, அலங்காரமின்றி, பக்கவாத்தியமின்றி, வாய்ச் சொல்லாலேயே அவையோரைச் சிரிக்க வைத்தார். அச்சங்கத்தை நிறுவிய பி. ஆர். கோவிந்தராஜன் என்பவரே அவரை இயக்குநர் கே. பாலசந்தரிடம் அறிமுகம் செய்து வைத்தார்.

சங்கத்து அன்பர்களே, இதைச் சற்று நின்று நோக்குங்கள். பெரிய ஸ்டூடியோ வாசலிலே காத்து நின்று அவர் வாய்ப்புப் பெறவில்லை. நாம் இப்போது கூடியிருப்பது போன்றதொரு சிறு சங்கத்தின் மேடையே அவரைத் தாங்கியது. சங்கங்கள் எதற்கு, ஆண்டுக்கொரு விழாவும் மலரும் போட்டுக் கலைவதற்கா என்று கேட்போருக்கு இதுவே பதில். ஒருவனுடைய கூச்சம் முதன்முதல் உடைவதற்கு ஒரு மேடை வேண்டும். அவன் தடுமாறினாலும் பொறுத்துக் கேட்கும் பத்துப் பேர் வேண்டும்.

பாலசந்தர் முதலில் அவரைக் கதை வேலைகளுக்கு உதவியாளராக வைத்துக்கொண்டார். பின்னர் 1987 இல் வெளிவந்த 'மனதில் உறுதி வேண்டும்' படத்திலே கதாநாயகி சுஹாசினியின் தம்பியாக நடிக்க வைத்தார். 1989 இல் 'புதுப்புது அர்த்தங்கள்' அவரை மக்கள் அறியும் முகமாக்கியது. ஆனால் ஏணி அவ்வளவு விரைவில் மேலே போய்விடவில்லை. கவுண்டமணியும் செந்திலும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. வடிவேலு எழுந்துகொண்டிருந்தார். பத்தாண்டு காலம் நண்பன் வேடத்திலும் நாலாவது ஆளாகவும் விவேக் நின்றார். 1999 இல் 'உன்னருகே நானிருந்தால்', 2000 இல் 'திருநெல்வேலி', 'குஷி', 2001 இல் 'மின்னலே', 2002 இல் 'ரன்', 2003 இல் 'சாமி', 2004 இல் 'பேரழகன்' என்று அதன் பின்னரே வெற்றிகள் வரிசையாக வந்தன. மொத்தம் 200 இற்கு மேற்பட்ட படங்கள். தமிழ்நாட்டு அரசின் விருதுகள் பல முறை அவரைத் தேடி வந்தன. 2009 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

வாழ்க்கைக் குறிப்பு நிற்க. அவர் செய்த சிரிப்பு எத்தகையது என்பதே நாம் ஆராய வேண்டியது.

சிரிப்பை அற்பமென்று நம் முன்னோர் கருதவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினை வகுத்தபோது அவற்றுள் முதலாவதாக வைத்தது நகையை. அந்த நகை பிறக்கும் நிலைக்களன்களையும் நான்காக எண்ணிச் சொன்னார். பிறரை இகழ்வதால் பிறக்கும் எள்ளல் ஒன்று. குழந்தைத் தன்மையால் பிறக்கும் இளமை ஒன்று. அறிவின்மையால் வரும் பேதைமை ஒன்று. பிறர் சொன்னதை ஆராயாது அப்படியே ஏற்றுக்கொள்ளும் மடமை ஒன்று. உரையாசிரியர்கள் இன்னும் நுட்பமாகப் பார்த்து, நாம் பிறரை எள்ளும்போதும் நகை பிறக்கும், பிறர் நம்மை எள்ளும்போதும் நகை பிறக்கும் என்று பிரித்துக் காட்டினர்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு 'ரன்' படத்தைப் பாருங்கள். நாட்டுப்புறத்திலிருந்து சென்னை காணப் புறப்பட்டு வரும் ஓர் அப்பாவி. யார் எதைச் சொன்னாலும் நம்புகிறான். கையிலிருந்த பணம் போகிறது, உடைமை போகிறது, கடைசியில் பசிக்கு வாங்கி உண்ட பிரியாணியும் காக்கை இறைச்சியென்று தெரியவருகிறது. படமாளிகை முழுவதும் வயிறு குலுங்கச் சிரித்தது. சிரித்தவர்கள் யார்? அதே சென்னையிலே அதே முறையில் ஏமாந்தவர்கள்! கொழும்பு புறக்கோட்டையிலே பஸ்ஸை விட்டு இறங்கி முதல் நாளே பணப்பையைப் பறிகொடுத்த நமது ஊரவரும் அந்தச் சிரிப்பிலே பங்காளிகள்தாம். இங்கே நடிகர் பிறரை எள்ளவில்லை. தம்மையே எள்ளப்படும் பொருளாக நடுவில் வைத்தார். அவருடைய பேதைமையைப் பார்த்து நாம் சிரித்தோம். சிரித்து முடித்தபோது அது நம்முடைய பேதைமை என்று உணர்ந்தோம்.

இவ்வழியில் அவருக்கு முன்னோடி கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1908 இல் நாகர்கோயிலிலே பிறந்து 1957 இல் மறைந்த அம்மேதையை அறியாத பெரியோர் இங்கு இரார். 1949 இல் வந்த 'நல்லதம்பி' படத்திலே அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தை எண்ணிப் பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கலைவாணரின் கிந்தனோ கல்வி தேடி ரயிலேறிப் பட்டணம் போகிறான். பாட்டும் கதையும் பழைய அச்சு, உள்ளே வைத்த பொருள் புதியது. தீண்டாமையை எதிர்த்து ஒரு கடிய சொல்லும் சொல்லாமல், கேட்டவரைச் சிரிக்க வைத்துக்கொண்டே அதன் வேரில் கை வைத்தார். பிற்காலத்திலே மக்கள் விவேக்கைச் 'சின்னக் கலைவாணர்' என்று அழைத்தது வெறும் புகழ்ச்சிக்காக அன்று. அக்கடனை அவர் தோளிலே ஏற்றிவைத்ததாகவே நாம் கொள்கிறோம்.

அவருடைய நகைச்சுவைக் காட்சிகளுள் மிகப் பேர்பெற்ற ஒன்று, வாகனத்தின் முன்னே தேசிக்காயும் மிளகாயும் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தைப் பற்றியது. இத்தனை நூறு உறுப்புகளைப் பொருத்தி ஒருவன் லொறி செய்து தந்திருக்க, அவற்றினால் ஓடாத வண்டி ஒரு தேசிக்காயினாலா ஓடப்போகிறது என்பதே அவர் கேட்ட கேள்வியின் சாரம். இதைத் தெய்வ நிந்தனை என்று சொன்னவர்கள் உண்டு. நமது ஊரிலும் உண்டு. அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் பணிவோடு ஒன்று கேட்கிறோம். தேசிக்காய் எந்த ஆகமத்திலே சாரதியாக நியமிக்கப்பட்டது? பிரேக் தேய்ந்த வண்டியைத் திருத்தாமல், நாவூறு கழித்துவிட்டு வில்பத்துக் காட்டோரப் பாதையிலே இருட்டில் ஓட்டிச் சென்றால் அது பக்தியா? யானை குறுக்கே வந்தால் வேண்டியது நல்ல பிரேக் அல்லவா? பக்தன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் கடவுளைத் தொழுகிறான். சோம்பேறியோ கடவுளைச் சாக்காக வைத்துச் செய்ய வேண்டியதை விட்டுவிடுகிறான். விவேக் சிரித்தது இரண்டாமவனைப் பார்த்து. கோயில் வீதியிலே நின்று நாம் இதைச் சொல்லத் தயங்க வேண்டிய காரணம் எதுவுமில்லை.

நிற்க. ஒருவரைப் பாராட்டும்போது குறையை மறைப்பது முகஸ்துதியாகும். விவேக்கின் சிரிப்பு எல்லாமே இப்படிப் பழுதற்றதாக இருக்கவில்லை. பெண்களின் உருவத்தையும் நிறத்தையும் கேலி செய்யும் காட்சிகள் தமிழ்ச் சினிமாவில் மலிந்திருந்தன. அவரும் அவற்றுக்கு விலக்கல்லர். 2007 இல் வெளிவந்த 'சிவாஜி' படத்தை எடுத்துக்கொள்வோம். அதிலே கறுத்த நிறமுடைய இரு சகோதரிகளைக் காட்டி, அவர்களைக் கண்டு ஆடவர் அஞ்சி ஓடுவதாக நகைச்சுவை அமைத்தனர். அப்பெண்களுக்கு இட்ட பெயர் அங்கவை, சங்கவை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரி வள்ளலின் மக்களுடைய பெயர்கள்! அவர்களின் தந்தையாக நடித்தவரோ விவேக் பயின்ற அதே அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சாலமன் பாப்பையா. அக்காட்சிகளில் விவேக்கும் உடனிருந்தார். தமிழறிஞர் பலர் மனம் நொந்து கண்டித்தனர். நொந்தது நியாயமே. இங்கே எள்ளப்பட்டது மடமை அன்று. ஒருவர் தாமாகத் தேடிக்கொள்ளாத நிறம் எள்ளப்பட்டது. மூடத்தனத்தைத் திருத்தலாம், தோலை என்ன செய்வது? திருத்தக் கூடியதைப் பார்த்துச் சிரிப்பது மருந்து. திருத்த முடியாததைப் பார்த்துச் சிரிப்பது காயம். இந்த வேறுபாட்டை நமது வாலிபர்கள் பாடசாலை வளவிலும் விளையாட்டு மைதானத்திலும் மறவாதிருக்க வேண்டும். பட்டப்பெயர் வைப்பதிலே நம்மவர் காட்டும் திறமை பெரிது. அதனால் பாடசாலையை வெறுத்து வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் துயரமும் பெரிது.

வேற்றுமையைக் காயமின்றிச் சிரிப்பாக்க முடியுமா என்று கேட்பீர்களாயின், முடியும் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. இலங்கை வானொலியிலே புகழ்பெற்று, 1976 இல் 'கோமாளிகள்' என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்த நாடகத்தைப் பெரியோர் நினைவுகூர்வர். எஸ். ராமதாஸ் அதிலே மரிக்காராகத் தோன்றி முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். இஸ்லாமியரான பி. எச். அப்துல் ஹமீத் ஐயராக வந்து ஐயர் தமிழ் பேசினார். செல்வசேகரன் உபாலியாகிச் சிங்களவர் பேசும் தமிழைப் பேச, ராஜகோபால் அப்புக்குட்டியாகி யாழ்ப்பாணத்துத் தமிழைப் பேசினார். ஒருவர் மொழியை மற்றவர் ஆசையோடு கற்றுப் பேசியதால் அங்கே கேலி பகையாகவில்லை. புத்தளத்துச் சந்தையிலே நாள்தோறும் இத்தனை தமிழையும் சிங்களத்தையும் ஒருங்கே கேட்டு வளரும் நமக்கு இதன் அருமை விளங்கும். ராமதாஸ் 2016 இல் சென்னையிலே காலமானார். கடைசிவரை மக்கள் அவரை மரிக்கார் என்றே அழைத்தனர். ஓர் இந்துவுக்குக் கிடைத்த இந்தப் பெயரை நாம் ஒரு பட்டமாகவே எண்ணுகிறோம்.

இனி, தொலைக்காட்சி விவேக்குக்குச் செய்ததைச் சிறிது கூறுவோம். படம் ஓடி முடிந்தால் நடிகரும் பெட்டிக்குள் போய்விடும் காலம் ஒன்றிருந்தது. சின்னத்திரை வந்தபின் நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் படத்திலிருந்து வெட்டி எடுத்து ஒளிபரப்பும் வழக்கம் ஏற்பட்டது. ஆதித்யா, சிரிப்பொலி என்று சிரிப்புக்கென்றே அலைவரிசைகள் தோன்றின. கதையின் தலையும் வாலும் தெரியாத சிறுவர்களுக்கும் அவருடைய வசனம் மனப்பாடமாயிற்று. எலுவன்குளத்திலே படமாளிகை இல்லை. இருந்தும் அவரை அறியாத வீடு இல்லை. இது அவருக்குக் கிடைத்த பேறு. ஆனால் இதிலே ஓர் இழப்பும் உண்டு. இரவுச் சாப்பாட்டோடு தேசிக்காய்க் காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுநாள் காலை நமது முச்சக்கர வண்டியிலே புதிய தேசிக்காயைக் கட்டுகிறோம்! சிரிப்பு தொண்டையோடு நின்றுவிட்டது, கைக்கு இறங்கவில்லை.

நகைச்சுவை நடிகர் ஒவ்வொருவரும் இறுதியிலே மோதி நிற்கும் சுவர் இது. மக்கள் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள், மாறமாட்டார்கள். விவேக் இதற்கு என்ன செய்தார் என்பதிலேதான் அவருடைய வாழ்வின் சிறப்பு இருக்கிறது. அவர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களை விவேக் தொலைக்காட்சிக்காகப் பேட்டி கண்டார். மன்னாருக்கு நேரெதிரே கடலுக்கு அப்பால் இராமேசுவரத்திலே பிறந்து, 2012 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் வந்து நமது மாணவரோடு பேசிய அதே கலாம்தான். பூமி வெப்பமடைந்து வருவதைக் கூறி, மக்களிடம் செல்வாக்குள்ள நீங்கள் மரம் நடும் இயக்கத்தை நடத்த வேண்டும் என்று கலாம் விவேக்கைக் கேட்டுக்கொண்டார். 'கிரீன் கலாம்' என்னும் இயக்கம் இவ்வாறு பிறந்தது. ஒரு கோடி மரம் நடுவது அதன் இலக்கு. விவேக் ஊர் ஊராகச் சென்றார். பாடசாலை, கல்லூரி என்று மாணவர் கூடும் இடமெல்லாம் கன்றுகளோடு போய் நின்றார். மேடையிலே சிரிக்க வைத்தார், பின்னர் கீழே இறங்கிக் குழி வெட்ட வைத்தார். கலாம் 2015 சூலை 27 இல் மறைந்த பின்னும் பணி நிற்கவில்லை. விவேக் மறைந்தபோது நடப்பட்ட கன்றுகளின் தொகை 33 இலட்சத்தைக் கடந்திருந்தது என நாளிதழ்கள் எழுதின.

அதே 2015 ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டாயிற்று. பதின்மூன்று வயது மகனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. புத்திர சோகத்தைப் பற்றி இந்த அவையிலே நாம் விளக்க வேண்டியதில்லை. கடலிலும் போரிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அத்தகைய துயரத்தின் பின்னும் அந்த மனிதர் மீண்டும் அரிதாரம் பூசிப் பிறரைச் சிரிக்க வைத்தார், மீண்டும் கன்றுகளோடு பாடசாலைகளுக்குப் போனார். தம் பிள்ளையின் வயதை ஒத்த பிள்ளைகள் நிரம்பிய முற்றத்திலே நின்று அவர் சிரித்த சிரிப்பை நடிப்பென்று யாரால் சொல்ல முடியும்? அதுவே தவம்.

நடிப்பிலும் அவர் வேறு வழி தேடினார். 2014 இல் 'நான்தான் பாலா' என்னும் படத்திலே கோயில் அர்ச்சகராக, சிரிப்பு வேடமன்றிக் குணசித்திர வேடம் ஏற்றார். 2019 இல் 'வெள்ளைப் பூக்கள்' படத்திலே ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரியாகக் கதையைத் தாமே தாங்கி நின்றார். ஈழத்து அகதி ஒருவனுடைய கதையைச் சொல்லும் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' அவர் மறைவுக்குப் பின் 2023 இல் வெளிவந்தது. 'இந்தியன் 2' வந்தது 2024 இல்.

அவருடைய மரணமும் நமக்கு ஒரு பாடமாயிற்று. கொரோனாத் தொற்றின் காலம். 2021 ஏப்ரல் 15 ஆம் திகதி சென்னையிலே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, பொதுமக்களின் அச்சம் நீங்கும்படி பலர் முன்னிலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பால் வீழ்ந்தார். 17 ஆம் திகதி அதிகாலையிலே 59 வயதில் உயிர் பிரிந்தது. உடனே ஊசிதான் கொன்றது என்ற வதந்தி ஊரெங்கும் பரவியது. கடல் கடந்து நமது கைத்தொலைபேசிகளுக்கும் வந்தது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் முக்கிய நாடி முற்றாக அடைபட்டிருந்ததை வைத்தியர்கள் அன்றே எடுத்துரைத்தனர். பின்னர் ஆராய்ந்த இந்திய அரசின் குழுவும் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றே முடிவு கூறியது. ஆனால் வதந்தி ஓடிய தூரத்துக்கு உண்மை ஓடவில்லை. ஆராயாது நம்பும் மடமையை வாழ்நாள் முழுவதும் எள்ளி நகையாடிய ஒருவருடைய சடலத்தின் மீதே அந்த மடமை ஏறி நின்றது!

பொலிஸ் மரியாதையோடு அவருடைய இறுதிக் கிரியை நடந்தது. பல ஊர்களில் மக்கள் மலர்வளையத்துக்குப் பதிலாகக் கன்று நட்டு அஞ்சலி செய்தனர். 2022 இல் சென்னையிலே அவர் வாழ்ந்த பகுதியின் வீதியொன்று 'சின்னக் கலைவாணர் விவேக் சாலை' எனப் பெயரிடப்பட்டது. வீதிப் பெயரிலும் பெரிது அந்தக் கன்றுகள் என்பது எமது எண்ணம்.

அன்பர்களே, இனி நமது ஊருக்கு வருவோம். தெற்கிலிருந்து வில்பத்துக்குள் நுழையும் வாயிலிலே நாம் குடியிருக்கிறோம். 1938 இல் தேசிய வனமாக்கப்பட்ட அக்காட்டின் பாலையும் வீரையும் முதிரையும் நமது பாட்டன்மார் அறிந்த மரங்கள். மேற்கே கலா ஓயா கடலோடு கலக்கும் இடத்திலே இந்நாட்டின் பெருங் கண்டற் காடுகளுள் ஒன்று இருக்கிறது. கண்டலின் விதை மரத்திலேயே முளைவிட்டு, தலைகீழாகத் தொங்கி, பருவம் வந்ததும் சேற்றில் விழுந்து வேரூன்றுகிறது. அந்த வேர்களின் இடுக்கிலேதான் இறாலும் நண்டும் மீனும் குஞ்சு வளர்க்கின்றன. புத்தளம் களப்பைச் சுற்றி 1980 களிலும் 1990 களிலும் இறால் பண்ணைக்கென்று கண்டல் வெட்டப்பட்டது. பின் நோய் வந்து இறால் செத்தது, குளங்கள் பாழாய்க் கிடந்தன, வெட்டிய கண்டல் மீளவில்லை. வலையிலே மீன் குறைந்தபோது நாம் என்ன சொன்னோம்? காலம் சரியில்லை என்றோம், கண்ணூறு என்றோம். விவேக் இருந்திருந்தால் இதைக் கேட்டு ஒரு கேள்வி கேட்டிருப்பார். நாமும் சிரித்திருப்போம்!

சிரிப்போடு நின்றுவிடாதிருக்க, இச்சங்கத்தின் முன் மூன்று காரியங்களை வைக்கிறோம். முதலாவது, கோயில் வீதியின் இருமருங்கும் மரம் நடுவது. வேம்பும் மருதும் இம்மண்ணுக்கு ஏற்றவை. நடும் நாளில் எடுக்கும் படம் எமக்கு வேண்டாம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதி, இரண்டு கோடை கடக்கும்வரை நீர் வார்ப்பது அப்பிள்ளையின் குடும்பத்துக் கடமையாகட்டும். அடுத்த ஆண்டு விழாவிலே எத்தனை நட்டோம் என்று அறிக்கை வாசிக்க வேண்டாம், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று வாசிப்போம். இரண்டாவது, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் ஆலோசனையும் பெற்று, கண்டல் அழிந்த கரையிலே கண்டல் நடுவது. அந்தக் கரையிலே தொழில் செய்யும் முஸ்லிம், கத்தோலிக்க, சிங்களச் சகோதரரையும் அழைத்தே அதைச் செய்ய வேண்டும். மீனுக்குச் சமயம் கிடையாது. மூன்றாவது, ஆண்டுதோறும் இந்த விழாவிலே ஒரு மணி நேரம் நகைச்சுவை அரங்கு நடத்துவது. அதற்கு ஒரே விதி: மேடையேறுபவர் முதலில் தம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், யாருடைய நிறத்தையும் சாதியையும் ஊனத்தையும் தொடக் கூடாது. நாளைய விவேக் ஒருவன் பின்வரிசையிலே பாக்குமரத்தில் சாய்ந்து நிற்கக் கூடும். அவனுக்கு ஒரு மேடை கொடுப்போம்.

பெரியோர்களே, கூத்தாடியைப் பற்றிக் கோயில் முன்றிலில் பேசலாமா என்று கேட்டீர்கள். முப்புரங்களையும் இறைவன் படை தொடாது புன்னகையாலேயே எரித்தான் என்று நமது புராணம் சொல்கிறது. சிரிப்பிலே அத்தகைய நெருப்பு உண்டு என்று அறிந்த சமயம் நம்முடையது. எரிக்க வேண்டிய புரங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. இளைஞர்களே, அரைமணி பேச என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். பேச்சு இத்தோடு முடிகிறது. மாரி தொடங்குமுன் குழிகள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். மண்வெட்டி உள்ளவர்கள் இன்றிரவே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.